வாயில்லா ஜீவனும் நம் கடமையும்



ஊரில் இருந்தவரை நம்மில் பலருக்குக் குதிரை என்றால் ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் மண் குதிரை. திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனம். கடற்கரை மணலில் காசு கொடுத்து ஏறும் மெலிந்த மட்டக் குதிரை. வளைகுடா நாடுகளுக்குக் குடிவந்த பின்னர்தான் உயிருள்ள குதிரை நம் குடும்பங்களின் பேச்சில் இடம் பிடித்தது. 1996-ஆம் ஆண்டில் துபாய் நாத் அல் ஷெபா மைதானத்தில் தொடங்கிய உலகக் கோப்பைப் பந்தயம் 2010 முதல் மெய்தானில் நடைபெறுகிறது. குளிர்காலம் வந்துவிட்டால் சவாரிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளையும் காணலாம். அண்மைக் காலமாக வேறொரு காரணத்துக்காகவும் பெற்றோர் குதிரை லாயத்தின் வாசலுக்கு வருகிறார்கள். நடக்கச் சிரமப்படும் குழந்தை, பேச்சு வராத குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை ஆகியோரைக் குதிரைமேல் அமர்த்திப் பயிற்சி தரும் நிலையங்கள் இந்நாடுகளில் இயங்கி வருகின்றன.

நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள்ளே ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது. நம் பிள்ளையின் நன்மைக்காக இன்னோர் உயிரைப் பயன்படுத்துகிறோம். அந்த உயிர் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. சொல்லவும் அதற்கு வாயில்லை. எனில் இது நியாயமா? நியாயமென்றால் எந்த நிபந்தனையின் பேரில்?

இதற்கு விடை தேடுமுன், நாம் வாழும் இதே கடற்கரைகளுக்கும் நம் பாண்டிய நாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெரும் வணிகத்தை நினைவுகூர்வது பயன் தரும். ஏனெனில் இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் காலத்தில் கிடைத்த விடை மிகவும் கசப்பானது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகம் செழித்திருந்தது. படைக்குக் குதிரை வேண்டும். நம் நாட்டிலோ நல்ல சாதிக் குதிரை வளரவில்லை. ஆகவே வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்தத் துறைமுகங்களின் பெயர்களைத் தருகிறார்: கிஷ் தீவு, ஹோர்முஸ், கதீஃப், அல் அஹ்ஸா, பஹ்ரைன், கல்ஹாத். ஓமானிலும் சவூதியிலும் பஹ்ரைனிலும் உள்ள நம் அன்பர்கள் இவற்றுள் சில ஊர்களைக் கடந்துதான் வேலைக்குப் போய் வருகிறார்கள். கிஷ் தீவின் அதிபராக விளங்கிய ஜமாலுத்தீன் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதென்று ஒப்பந்தம். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வழியில் கடலிலேயே ஒரு குதிரை காயப்பட்டாலும் இறந்துபோனாலும் அதன் முழு விலையையும் பாண்டியன் கொடுத்துவிட வேண்டும்! இதற்கான பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் வந்தது என்று வஸ்ஸாஃப் எழுதியிருப்பது, கோயிலைச் சார்ந்து ஒன்றுகூடும் நம்மைப் போன்றவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

இப்படி வந்த குதிரைகள் என்னவாயின? 1290-களில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதைச் சொல்கிறார். மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை. காரணம், இந்த மக்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்களும் இங்கே இல்லை. குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்றும் அவர் வியக்கிறார். வஸ்ஸாஃப் வேறு விதமாகச் சொன்னாலும் சாரம் ஒன்றே. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, முளையடித்துக் கயிற்றால் நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பிறகு எந்தப் பழக்கமும் இல்லாமல் ஏறி விரட்டுகிறார்கள்; வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் சீக்கிரத்திலேயே உருக்குலைந்து போகின்றன; அதனால்தான் ஆண்டுக்காண்டு புதிய குதிரைகள் தேவைப்படுகின்றன என்கிறார்.

அயல்நாட்டார் எழுதும்போது எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டியிருக்கலாம். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் புல்லின் தரமும் குதிரைக்கு ஏற்றவையல்ல என்பதும் உண்மையே. ஆயினும் இரு வேறு நாட்டவர் ஒரே காரணத்தைச் சுட்டும்போது அதைத் தள்ளிவிட முடியாது. நம் முன்னோர் குதிரையை வெறுத்தவர்கள் அல்லர்; தங்களுக்குத் தெரிந்ததில் உயர்ந்ததையெல்லாம் அதற்கு ஊட்டினார்கள். விருந்தாளிக்கு இலை போடுவதைப் போல அன்பு காட்டினார்கள். அந்த அன்பே அந்தப் பிராணிக்கு நஞ்சாயிற்று. பணம் இருந்தது, பாசமும் இருந்தது, அறிவுதான் இல்லை.

ஆனால் மார்க்கோ போலோ சொல்வதில் இன்னொரு வரி இருக்கிறது. குதிரை வணிகர்கள் தங்களோடு லாடக்காரர்களை அழைத்து வருவதில்லை. வேறு எவராவது போக முனைந்தாலும் தடுத்துவிடுகிறார்களாம். குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் குறைந்துவிடுமே! கடலில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. கரையில் இறந்த குதிரைக்குப் பதில் மற்றொரு குதிரை விற்கலாம். மன்னனுக்கோ கருவூலத்தில் குறைவில்லை. ஆக, ஒரு குதிரை செத்தால் வணிகனுக்கும் நட்டமில்லை, மன்னனுக்கும் பெரிய நட்டமில்லை. நட்டம் முழுவதும் குதிரையின் தலையில் மட்டும் விழுந்தது.

அன்பர்களே, இதைத்தான் இக்கட்டுரையின் மையமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஓர் உயிர் கெட்டால் அதனால் யாருக்கும் இழப்பு இல்லை என்ற ஏற்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே அந்த உயிர் கெட்டே தீரும். அதற்குக் கொடியவர்கள் தேவையில்லை. சாதாரண மனிதர்களே போதும்.

மாணிக்கவாசகர் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். பாண்டியனின் அமைச்சராக அவர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணம் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவாகிவிட்டது. இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டுவந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பே இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் இன்றும் இது கொண்டாடப்படுகிறது. அமைச்சரின் பக்தியையும் மன்னனின் சினத்தையும் இறைவனின் கருணையையும் நினைந்து உருகுகிறோம். அந்தக் கதையின் தத்துவம் வேறு. அதில் குற்றம் காண்பது நம் நோக்கமல்ல. ஆனால் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, "கடிபட்ட குதிரைகள் என்ன ஆச்சு?" என்று ஒரு குழந்தை கேட்டால் அதை வாயடைக்க வேண்டாம். அது நல்ல கேள்வி.

குதிரை வைத்தியம் நம் நாட்டில் அடியோடு இல்லாமல் போகவுமில்லை. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திர நூல்கள் வடமொழியில் உள்ளன. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இத்தகைய சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1903-இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி எத்தனையோ மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறது. ஏட்டில் அறிவு இருப்பது வேறு. லாயத்தில் கையில் வாளியோடு நிற்பவனிடம் அந்த அறிவு இருப்பது வேறு. குதிரைக்கு உதவுவது இரண்டாவதுதான்.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம். குதிரை வாந்தி எடுக்க இயலாத பிராணி. உடம்பு 450, 500 கிலோ இருந்தாலும் இரைப்பை சிறியது. ஆகவே நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் புல்லையோ வைக்கோலையோ மென்றுகொண்டிருப்பதே அதன் இயல்பு. ஒரே வேளையில் தானியத்தைக் குவித்துக் கொடுத்தால் வயிற்று வலி வரும். மனிதருக்கு வரும் வயிற்று வலி போன்றதல்ல, உயிரையே குடிக்கக்கூடியது. வளைகுடாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தரையில் போட்ட வைக்கோலோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். அதனால் இங்கே நல்ல லாயங்களில் ரப்பர் விரிப்பின் மீதோ உயரமான தொட்டியிலோ தீனி வைப்பார்கள். நம் வீடுகளில் மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோல் உமியையே மணலை வெளியேற்றக் குதிரைக்கும் கொடுப்பதுண்டு.

கோடை வெப்பத்தில் குதிரை நம்மைப் போலவே வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீரும் உப்பும் ஈடுசெய்யப்பட வேண்டும். வெயிலும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோயும் உண்டு. அதைக் கவனியாமல் ஓட்டினால் சுருண்டு விழும். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கிச் சீராக்க வேண்டும். தொற்று நோய்களுக்குக் காவல் வேண்டும். 2010-இல் பஹ்ரைனில் பரவிய கிளாண்டர்ஸ் என்னும் குதிரை நோய் மனிதரையும் தொற்றக்கூடியது. இவை எதுவும் மறைபொருள் அல்ல. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். கடைப்பிடிப்பதற்குத்தான் ஆயுள் முழுவதும் வேண்டும்.

"அது பாண்டியர் காலம், இப்போது எல்லா வசதியும் வந்துவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. இன்று அரபு அமீரகத்தில் குதிரைகளுக்கென்றே மருத்துவமனைகள் இருக்கின்றன. குளிர்சாதனம் பொருத்திய லாயங்கள் இருக்கின்றன. உலகின் தேர்ந்த மருத்துவர்கள் பணிபுரிகிறார்கள். ஆயினும் அறிவும் செல்வமும் சேர்ந்தால் மட்டும் போதுமா என்பதற்கு நெடுந்தூரப் பந்தயத்தின் அண்மை வரலாறு விடை சொல்கிறது. பாலைவனத்தில் 120, 160 கிலோமீட்டர் ஓடும் இப்பந்தயத்தில் இடையிடையே மருத்துவர் குதிரையைச் சோதித்துத்தான் மேலே அனுப்புவார். அப்படியிருந்தும் வேகவெறியில் குதிரைகள் கால் முறிந்து மாண்டன. 2015 மார்ச் மாதத்தில் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, குதிரைகளின் நலனைக் காரணம் காட்டி அமீரகத்தின் தேசியச் சங்கத்தையே இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு ஜூலையில், நிபந்தனைகளின் பேரில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதில் நாம் பாடம் படிக்க வேண்டியது தண்டனையிலிருந்து அல்ல, அதே நாட்டில் அதே காலத்தில் நடந்த ஒரு திருத்தத்திலிருந்து. அபுதாபியின் பூதிப் மைதானத்தில், காலஞ்சென்ற ஷேக் சுல்தான் பின் சாயித் அவர்கள் தம்முடைய பந்தயங்களுக்குப் புதிய விதிகளை வகுத்தார். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. இடைச் சோதனையில் நாடி நிமிடத்துக்கு 56-க்கு இறங்கியிருக்க வேண்டும். வழக்கமான சர்வதேச வரம்போ 64. மீறினால் வெளியே. இதனால் என்ன மாறியது? குதிரையை வதைத்தவனுக்கு இலாபம் என்றிருந்தது, குதிரையை வதைத்தவனுக்கு நட்டம் என்றாயிற்று. இழப்பு குதிரையின் தலையிலிருந்து மனிதனின் தலைக்கு மாறியது. அதே மனிதர்கள்தாம், அதே மணல்தான். ஆனால் அங்கே குதிரைகள் களைப்பில்லாமல் ஓடி முடித்தன. ஒட்டகப் பந்தயத்தில் சிறு பிள்ளைகளை ஏற்றும் பழக்கத்தை 2005-இல் இந்நாடு சட்டம் போட்டுத் தடுத்து, எந்திரப் பொம்மைகளை ஏற்றியதையும் இங்கு நினைக்கலாம். நெடுநாள் வழக்கம் என்பதால் எதுவும் மாறாது என்று நினைக்க வேண்டியதில்லை.

இனி நம் குழந்தைகளின் விஷயத்துக்கு வருவோம்.

குதிரைச் சவாரியால் உடலும் மனமும் தேறும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணி 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போனார். குதிரைமேல் ஏற்றிவிடவே பிறர் துணை வேண்டும். அவர் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதைக் கண்டு ஐரோப்பாவில் பலர் இம்முறையில் ஊக்கம் கொண்டனர். இதன் சூட்சுமம் குதிரையின் நடையில் இருக்கிறது. அது நடக்கும்போது மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சுழன்றும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நடந்தே அறியாத குழந்தையின் உடம்புக்கு நடையின் தாளத்தைக் குதிரை கற்றுக்கொடுக்கிறது. அத்துடன் அதன் உடற்சூடு இறுகிய தசைகளைத் தளர்த்த உதவுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. 6 முதல் 16 வயதுக்குட்பட்ட 127 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் பத்து வாரம் குதிரை ஏறினர். மற்றவர்கள் உயிருள்ள குதிரையைத் தொடாமலே லாயத்தில் குதிரை பற்றிய பாடங்களைக் கற்றனர். ஏறியவர்களிடம் எரிச்சலும் படபடப்பும் கூடுதலாகக் குறைந்தன. பேசும் சொற்களும் பெருகின. ஆனால் பெற்றோர் ஒன்றை மறக்கக்கூடாது. இது ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்தல்ல. பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி ஆகியவற்றுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. "பத்தே தடவையில் பேச வைத்துவிடுவோம்" என்று எவராவது பணம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையை நம்மில் சிலர் இன்னும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். கோயில் விசேஷத்துக்கு அழைத்துவரக் கூசுகிறோம். அமீரகத்தில் 2017 முதல் அவர்களை 'மன உறுதி படைத்தோர்' என்ற பொருள்படும் பெயரால் அரசு அழைக்கிறது. குதிரை இதையெல்லாம் யோசிப்பதில்லை. மேலே உட்கார்ந்திருப்பது எவர் வீட்டுப் பிள்ளை, எத்தனை மதிப்பெண் வாங்கியது, ஏன் இன்னும் பேசவில்லை என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்விகள் இல்லாத ஓர் அரை மணி நேரம் கிடைப்பதே சில பிள்ளைகளுக்கு வைத்தியம்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். இத்தனை நன்மை தரும் குதிரைக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்?

"மனிதக் குழந்தைதானே பெரிது? குதிரைக்குக் கொஞ்சம் அசதி என்றால் என்ன போயிற்று?" என்பார் உண்டு. களைத்த குதிரை ஆபத்தான குதிரை, வலியுள்ள குதிரை உதைக்கும், ஆகவே நம் பிள்ளையின் பாதுகாப்புக்காகவாவது அதைப் பேண வேண்டும் என்று இதற்கு வழக்கமாகப் பதில் சொல்வார்கள். இந்தப் பதில் உண்மையானது, ஆனால் போதாது. பாதுகாப்பு ஒன்றே காரணமானால், வலியுள்ள குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்து அசையாமல் நிற்க வைத்தால் நமக்குத் திருப்தியாகிவிட வேண்டும். ஆனால் அப்படி ஒரு குதிரைமேல் நம் பிள்ளையை அமர்த்த நமக்கு மனம் வருமா? வராது. பிள்ளைக்கு ஆபத்தே இல்லையென்றாலும் வராது. ஏன்? அந்தக் குதிரைக்குத் தீங்கு நடக்கிறது என்பதே தனியாக ஒரு காரணம். நம் பிள்ளைக்கு வரும் நன்மையால் அது அழிந்துபோவதில்லை.

"அப்படியானால் குதிரையை எதற்குமே பயன்படுத்தக்கூடாது" என்று வேறு சிலர் சொல்லலாம். அந்த மனம் மென்மையானது. ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழப் பழகிய பிராணியைப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டால் அது சுதந்திரம் ஆகாது, பட்டினி ஆகும். நம் தயவில் வாழும்படி நாமே ஆக்கிவிட்ட உயிரைக் கைவிடுவதும் ஒரு குற்றமே. மேலும் இதமான நடை, பழகிய கை, மிதமான வேலை ஆகியவை குதிரைக்குத் துன்பமல்ல.

ஆகவே என் கருத்தில், பயன்படுத்தலாம். ஆனால் மூன்று நிபந்தனைகளின் பேரில்.

முதலாவது, வேலை நேரத்தில் மட்டுமல்ல, மற்ற நேரத்திலும் அதன் வாழ்வு நன்றாயிருக்க வேண்டும். நாள் முழுவதும் மெல்ல வைக்கோல், குளிர்ந்த நீர், கால் நீட்டி உலவ இடம், பார்க்கவும் முகரவும் இன்னொரு குதிரையின் துணை. கூட்டமாக வாழும் பிராணியைப் பளிங்குக் கொட்டிலில் தனியே அடைப்பது உபசாரம் அல்ல.

இரண்டாவது, "இன்று வேண்டாம்" என்று அதன் சார்பில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அவர் சொன்னால் அது நிற்க வேண்டும். குதிரை வலியை மறைக்கும் பிராணி. காட்டில் வலியைக் காட்டியது புலிக்கு இரையாகும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பின்னே மடிந்த காது, கண்ணைச் சுற்றி இறுகிய தசை, இறுகிய தாடை இவற்றைக் கொண்டு வலியை அளக்கும் முறையை 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் இவற்றை முதலில் காண்பவர் யார்? விடியற்காலையில் சாணத்தை அள்ளி, குளம்பைத் தூக்கிப் பார்க்கும் குதிரைப் பராமரிப்பாளர். வளைகுடா லாயங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் நம் துணைக்கண்டத்துத் தொழிலாளர்களே. சம்பளம் போய்விடுமோ, விசா போய்விடுமோ என்று அஞ்சும் ஒருவர், "ஐயா, இதற்கு முன்னங்கால் நோகிறது" என்று எப்படிச் சொல்வார்? அன்று லாடக்காரரைக் கப்பலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். இன்று லாடக்காரரும் மருத்துவரும் வாசலில் இருக்க, கண்டவர் வாய் திறக்க அஞ்சினால் விளைவு ஒன்றுதானே! குதிரைக்குக் குளிர்காற்றும் அதைக் காப்பவருக்கு வெயிலும் என்றிருக்கும் லாயத்தில் குதிரையின் நலமும் நெடுநாள் நிலைக்காது.

மூன்றாவது, அதன் முதுமைக்கு வழி செய்திருக்க வேண்டும். குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். வேலை செய்யும் காலம் அதில் பாதியோ முக்காலோதான். பத்தாண்டு நம் குழந்தைகளைச் சுமந்த பிராணி, நொண்டத் தொடங்கியதும் எங்கே போகிறது? இந்தச் செலவும் சேர்ந்ததுதான் சவாரியின் உண்மையான விலை. பாண்டியன் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தான், அது யாருக்கும் பயன்படவில்லை. நாம் வயோதிகக் குதிரையின் தீனிக்குக் கொடுப்போம்.

இனி நடைமுறைக்குச் சில குறிப்புகள். பிள்ளையைச் சேர்க்குமுன் லாயத்தின் பின்புறத்தையும் சுற்றிப் பாருங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை பேரைச் சுமக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, கோடையில் எந்நேரத்தில் வேலை என்று கேளுங்கள். ஏறுபவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சிகிச்சைச் சவாரியில் கயிறு பிடிக்க ஒருவர், தேவைப்படும் குழந்தைக்கு இருபுறமும் நடக்க இருவர் வேண்டும். உங்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க வேண்டாம். கழுத்தெலும்பு, இடுப்பு மூட்டு, வலிப்பு சம்பந்தமான சில நிலைகளில் சவாரி கூடாது. அளவான தலைக்கவசம், சிறு குதிகால் உள்ள மூடிய காலணி கட்டாயம். குதிரைக்கு நேர் பின்புறமும், மூக்குக்கு நேர் முன்னால் சிறிது தூரமும் கண் தெரியாது. ஆகவே பேசிக்கொண்டே தோள் பக்கமாக அணுகப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. கேரட் கொடுப்பதானால் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். திரும்பும்போது கை கழுவ வேண்டும்.

குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கொம்பும் இல்லை, வாயும் இல்லை என்பதால் அதன் பங்குக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை உங்கள் பிள்ளை சவாரி முடித்து இறங்கியதும் உடனே காருக்கு விரைய வேண்டாம். குதிரைக்குத் தண்ணீர் காட்டிச் சேணத்தை இறக்கி முதுகைத் துடைக்கும்வரை நின்று, அந்த வேலையில் பிள்ளையையும் ஒரு கை போடச் சொல்லுங்கள். அங்கே நிற்கும் பராமரிப்பாளரின் பெயரைக் கேட்டு, "இன்று குதிரை எப்படி இருக்கிறது?" என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டு அதன்படி நடக்க நாம் தயாராயிருந்தால், அந்தக் குதிரைமேல் நம் பிள்ளையை மனச்சான்று உறுத்தாமல் அமர்த்தலாம்.